வெயிலில் நிற்கும் காரில் தீயணைப்பான் வெடிக்குமா?

கேள்வி: நங்கநல்லூரில் வசிக்கிறேன். எங்களிடம் ஐந்து வருடப் பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. வாரம் ஒருமுறை பிள்ளைகள் இருவரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு திண்டிவனம் போய் வருவேன். போன மாதம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கார் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. சீட் கவர் வாங்கிய கடையில், கொசு மருந்து டப்பா போன்ற ஒன்றைக் காட்டி "இது போதும்" என்றார்கள். மெக்கானிக், கரியமில வாயு சிலிண்டர்தான் சிறந்தது, தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என் கணவரோ, வெயிலில் நிற்கும் காரில் எந்தச் சிலிண்டரை வைத்தாலும் அது வெடிகுண்டுதான் என்கிறார். அடுத்த மாதம் வண்டிக்கு சி.என்.ஜி. கிட் வேறு பொருத்தப்போகிறோம். எதை வாங்குவது, எங்கே வைப்பது?

பதில்: உங்கள் கணவரிடமிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் குறிப்பிட்ட மூவரில் அவர் ஒருவர்தான் உங்களிடம் எதையும் விற்கப் பார்க்கவில்லை.

அவருடைய பயம் பாதி நியாயம். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கை வைக்க முடியாது. அதன் மேற்பரப்பு எழுபது டிகிரியைத் தொடும். சீட்டுக்குக் கீழே அவ்வளவு கொதிப்பு இல்லை. பொடி அடைத்த சிறிய தீயணைப்பானுக்குள் நைட்ரஜன் வாயுவைச் சுமார் 15 பார் அழுத்தத்தில் ஏற்றியிருப்பார்கள் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). வெப்பம் 27 டிகிரியிலிருந்து 67 டிகிரிக்கு ஏறினாலும் அந்த அழுத்தம் ஏறக்குறைய 17 பாருக்குத்தான் போகும். முத்திரை பெற்ற சிலிண்டரின் உடலையோ இதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் சோதித்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். ஆகவே சீட்டுக்கு அருகில் நிழலில் இருக்கும் நல்ல பொடிச் சிலிண்டர் சென்னை வெயிலுக்கு வெடிக்காது. டேஷ்போர்டின் மேலும், பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டிலும் மட்டும் அதை வைக்காதீர்கள்.

மெக்கானிக் சொல்லும் கரியமில வாயு சிலிண்டரின் கதை வேறு. அதற்குள் வாயு திரவமாக இருக்கிறது. சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் அழுத்தம் அறுபது பாரைத் தாண்டும். வெயில் ஏற ஏறக் கிடுகிடுவென்று உயரும். அளவு மீறினால் அதன் பாதுகாப்புத் தகடு உடைந்து வாயு முழுவதும் பெரும் சத்தத்துடன் வெளியேறிவிடும். பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது அது நடக்கக் கூடாது. கனமும் அதிகம், திறந்த சாலையில் காற்றடித்தால் வாயு கலைந்துபோய்விடும். மின்பலகை இருக்கும் அறைக்கு அது அருமையான சாதனம், காருக்கு அல்ல. அவரை வாங்கித் தர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தக் கொசு மருந்து டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? "50 டிகிரிக்கு மேல் வெப்பம் படும் இடத்தில் வைக்காதீர்" என்று பெரும்பாலான டப்பாக்களில் பொடி எழுத்தில் இருக்கும். மூடிய காரின் உள்காற்றே மே மாதத்தில் அதைத் தாண்டிவிடும். உங்கள் கணவர் சொல்லும் வெடிகுண்டுக்கு நெருங்கிய பொருள் இதுதான். அழுத்தம் இருக்கிறதா, இறங்கிவிட்டதா என்று காட்டும் மானியும் அதில் இருக்காது. தீயில் எறிந்தால் தானே வெடித்து அணைக்கும் என்று ஒரு பந்தையும் இப்போது விற்கிறார்கள். பானெட்டுக்குள் கட்டி வைத்தால் போதுமாம். சுடர் வந்து தொட்டால்தான் அது வெடிக்கும். சுடர் எந்தப் பக்கம் கிளம்பும் என்று தீ நம்மிடம் சொல்லிவிட்டு வருவதில்லை.

நீங்கள் வாங்க வேண்டியது இது: ஒரு கிலோ, ஏ.பி.சி. வகைப் பொடி, மானி உள்ள, உலோக உடல் கொண்ட தீயணைப்பான். ஏ என்பது துணி, சீட், பிளாஸ்டிக் போன்ற திடப்பொருள். பி என்பது பெட்ரோல், ஆயில். சி என்பது எரிவாயு. காரில் மூன்றும் இருக்கின்றன. "பி.சி." என்று மட்டும் எழுதியிருந்தால் சீட் எரிவதற்கு அது சரிப்படாது. விலை ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் இருக்கும். இடம் இருந்தால் இரண்டு கிலோ வாங்கலாம். உங்கள் மாமியாரால் தூக்க முடியுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கார் அலங்காரக் கடைக்குப் போகாதீர்கள். ஜி.பி. ரோட்டில் ஹாரனும் சீட் கவரும் வாங்குங்கள், இதை வாங்காதீர்கள். பாதுகாப்புச் சாதனங்களை மட்டுமே விற்கும் கடைகள் பாரிமுனைப் பக்கம் இருக்கின்றன. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் தொங்கும் கடை. அங்கே சிலிண்டரைக் கையில் வாங்கி ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். முத்திரையின் மேல் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசுச் செயலியில் அந்த உரிம எண்ணைத் தட்டினால் தயாரிப்பாளரின் பெயரும் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே தட்டுங்கள். முகம் மாறினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

தயாரித்த மாதமும் ஆண்டும் உடலில் இருக்கும். இரண்டு ஆண்டுகள் கடையில் தூங்கியதைத் துடைத்துக் கொடுப்பார்கள். மானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும், அழுத்தும் பிடியில் செருகிய பின்னைக் கட்டியிருக்கும் முத்திரை அறுபடாமல் இருக்க வேண்டும். "வேலை செய்கிறதா பாருங்கள்" என்று விற்பவர் ஒரு நொடி அழுத்திக் காட்டினால், அந்தச் சிலிண்டர் அன்றோடு முடிந்தது. வால்வின் இடுக்கில் பொடி சிக்கிக்கொண்டு அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். வீட்டிலும் யாரும் விளையாட்டுக்கு அழுத்தக் கூடாது.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்: ரீஃபில் செய்கிறேன் என்று வருகிறவர்கள். நான் தீயணைப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தென்சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சாதனங்களைப் பார்த்துத் தரும்படி கூப்பிட்டார்கள். எல்லாச் சிலிண்டர்களிலும் முந்தைய மாதத் தேதியுடன் புது ஸ்டிக்கர் பளபளத்தது. ஒன்றை அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத் திறந்தேன். உள்ளே பொடி கல்லாக இறுகிக் கிடந்தது. கம்பியால் குத்தித்தான் உதிர்க்க முடிந்தது. வந்தவர் துணியால் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, காற்றேற்றி, சிலிண்டருக்கு இவ்வளவு என்று பில் போட்டுப் போயிருக்கிறார். சங்கத்துச் செயலாளருக்கு பில் வேண்டும், ஆய்வுக்கு வருகிறவருக்கு ஸ்டிக்கர் வேண்டும். பொடி யாருக்கும் வேண்டாம். காருக்கான ஒரு கிலோ சிலிண்டரை ரீஃபில் செய்யக் கொடுக்காதீர்கள். முள் பச்சையை விட்டு இறங்கினாலோ, காலாவதித் தேதி வந்தாலோ புதிதாக வாங்குங்கள். ரீஃபிலுக்கும் புதியதற்கும் இருக்கும் வித்தியாசத்தில் இரண்டு முறை ஹோட்டலில் சாப்பிடலாம், அவ்வளவுதான்.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் இதையும் மிஞ்சிவிட்டார்கள். எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்றுக்கான ஆய்வு அன்று மட்டும் தீயணைப்பானும் முதலுதவிப் பெட்டியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. புரோக்கர் காலையில் கொடுப்பார், ஆய்வு முடிந்ததும் வாங்கி அடுத்த வண்டியில் வைப்பார். ஒரே சிலிண்டர் ஒரு நாளில் பத்து வண்டிக்குச் சான்று வாங்கித் தருகிறது. சொந்த வண்டி வைத்திருப்பவரிடமோ யாரும் கேட்பதே இல்லை. எட்டுப் போட்டுக் காட்டினால் உரிமம் கொடுக்கிறோம். பானெட்டில் புகை வந்தால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி கிடையாது.

எங்கே வைப்பது? டிக்கியில் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்த காரைச் சுற்றிப் போய், டிக்கியைத் திறந்து, சாமான்களை இறக்கி எடுப்பதற்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஓட்டுநரின் காலடியில் சும்மா போடவும் கூடாது. உருண்டு பிரேக்கின் அடியில் போனால் தீயைவிடப் பெரிய ஆபத்து. முன்பக்கப் பயணியின் சீட்டுக்கு முன்னால், சீட் தண்டவாளத்தின் போல்ட்டிலேயே பிடிக்கும்படி உலோகத் தாங்கி வைத்துப் பொருத்துங்கள். பிளாஸ்டிக் தாங்கி வெயிலில் நொறுங்கும். மோதலில், கட்டாத சிலிண்டர் செங்கல் மாதிரி பறக்கும். தரையில் புதிதாகத் துளை போட மெக்கானிக்கை விடாதீர்கள். சீட்டின் அடியில் மஞ்சள் நிற வயரோ இணைப்போ தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. அதன்மேல் எதுவும் உரசக் கூடாது.

ஒரு கிலோ பொடி எட்டிலிருந்து பத்து நொடியில் தீர்ந்துவிடும். அந்தப் பத்து நொடிக்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் முக்கியம். இடது ஓரத்தில் நிறுத்தி இக்னிஷனை அணையுங்கள். பிள்ளைகளையும் மாமியாரையும் இறக்கிச் சாலையை விட்டு விலக்குங்கள். பின் கதவுகளில் சைல்டு லாக் போட்டிருந்தால் அவர்களால் உள்ளிருந்து திறக்க முடியாது என்பதை மறக்காதீர்கள். நீங்கள்தான் இறங்கி வெளியிலிருந்து திறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சிலிண்டர். 101 அல்லது 112-க்கு மாமியார் பேசட்டும்.

புகை பானெட்டிலிருந்து வந்தால் பானெட்டை மேலே தூக்காதீர்கள். தூக்கினால் காற்று உள்ளே பாய்ந்து சுடர் முகத்துக்கே எழும். காருக்குள் இருக்கும் நெம்புகோலை இழுத்துப் பூட்டை மட்டும் தளர்த்தி, கிடைக்கும் இடுக்கு வழியாகப் பொடியைச் செலுத்துங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பின்னை இழுத்து, சுடரின் உச்சியை விட்டு அடியைப் பார்த்து, அழுத்திக்கொண்டே இடமும் வலமுமாக வீசுங்கள். சிலிண்டர் காலியாகியும் தீ இருந்தால் திரும்பி நடங்கள். உள்ளே கைப்பை இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது என்று யாரும் போகக் கூடாது. காருக்குள்ளேயே தீ பரவிவிட்டாலோ, பின்பக்கம் பெட்ரோல் டேங்க் அருகில் எரிந்தாலோ முயற்சியே வேண்டாம்.

சி.என்.ஜி. என்றீர்கள். இங்கேதான் நான் சொன்னதில் ஒரு விதி தலைகீழாகிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள். கசியும் வாயு சுடராக எரியும்போது, கசிவை நிறுத்தாமல் சுடரை மட்டும் அணைத்துவிட்டால் என்ன ஆகும்? வாயு வந்துகொண்டே இருக்கும். காருக்குள்ளும் டிக்கிக்குள்ளும் சேரும். சூடான இரும்பு ஒன்று போதும், சேர்ந்தது முழுவதும் ஒரே அடியாகப் பற்றிக்கொள்ளும். எரிந்துகொண்டிருந்த சுடரே அதைவிடப் பரவாயில்லை என்று ஆகிவிடும். ஆகையால் சி.என்.ஜி. வண்டியில் முதல் வேலை இக்னிஷனை அணைப்பது; அணைத்தால் வாயு வழியின் மின்வால்வு மூடிக்கொள்ளும். பிறகு முன்பக்கம், எஞ்சின் பகுதியில் மட்டும் தீ என்றால் பொடியைப் பயன்படுத்துங்கள். பின்பக்கம் "உஸ்" என்ற சத்தமோ சுடரோ இருந்தால் சி.என்.ஜி. சிலிண்டர் பக்கமே போகாதீர்கள். அதற்குள் நிரப்பும்போது 200 பார் அழுத்தம் இருக்கிறது. தீயில் சூடேறினால் சிலிண்டர் வெடிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்புச் சாதனம் வாயுவைத் திறந்துவிடும்; அது நீண்ட தீநாக்காகப் பாயும். குடும்பத்தோடு வெகுதூரம் விலகிவிடுங்கள், வேடிக்கை பார்க்கிறவர்களையும் விரட்டுங்கள்.

கையால் மூடும் வால்வு எங்கே இருக்கிறது என்று கிட் பொருத்துகிறவரிடம் கேட்டு, நீங்களே ஒருமுறை திருகிப் பாருங்கள். கிட்டை ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் நாளைக்கு இழப்பீடு கேட்கும்போது கையை விரிப்பார்கள். அந்த சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை உண்டு. சிலிண்டரை வண்டியிலிருந்து கழற்றாமல் சோதனையே நடக்காது. "வண்டியை விட்டு இறங்க வேண்டாம், சான்றிதழ் மட்டும் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். ஸ்டிக்கர் ஒட்டியவரின் சொந்தக்காரர் அவர்.

இன்னொன்று. வண்டியில் வெளிக்கடையில் மாட்டிய ஹாரன், கூடுதல் விளக்கு ஏதாவது இருந்தால், அந்த வயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மழைக்காலத்தில் எலி பானெட்டுக்குள் குடியேறி வயரைக் கடிப்பது நங்கநல்லூருக்குப் புதிதில்லை.

பொடி, வண்டியின் அதிர்வில் மெல்ல மெல்ல அடியில் இறுகும். மாதம் ஒருமுறை தாங்கியிலிருந்து எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளங்கையால் தட்டி, உள்ளே பொடி சரிவது கையில் தெரிகிறதா என்று பாருங்கள். முள்ளையும் பார்த்துவிட்டு மாட்டிவிடுங்கள். கார் கடன் தவணை கட்டும் தேதியன்று செய்தால் மறக்காது.