இரண்டு பாடங்கள் பாக்கி இருக்கும்போதே அமெரிக்க மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் பி.எஸ். மூன்றாம் ஆண்டு, ஃபால் (ஆகஸ்டில் தொடங்கும்) செமஸ்டரில் இருக்கிறாள். பயோகெமிஸ்ட்ரியும் இயற்பியல் இரண்டாம் பகுதியும் இன்னும் எடுக்கவில்லை. வரும் ஜூனில் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்க முடியுமா, இல்லை எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் போட வேண்டுமா?

பதில்:

தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பத்தில், இப்போது படிக்கிற பாடங்களையும் இனி படிக்கப் போகிற பாடங்களையும் குறிப்பிடவே தனி இடம் இருக்கிறது. பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் கேட்பது, சேருவதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டும் என்பதைத்தான்.

நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்து, நீட் எழுதி, தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு கலந்தாய்வுக்குப் போகிறோம். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் குழப்பம் வருகிறது. இங்கே அமெரிக்காவில் பட்டப்படிப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இடம் கேட்க வேண்டும். வரும் ஜூனில் போடும் விண்ணப்பம் அதற்கடுத்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் தொடங்கும் வகுப்புக்கானது. நடுவில் ஒரு முழுக் கல்வியாண்டு கிடக்கிறது.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் எடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் ப்ரீமெட் பிள்ளைகள், அதாவது மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகிறவர்கள். "எந்தப் பாடத்தைத் தள்ளிப் போடலாம்?" என்று கேட்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது எம்கேட் என்கிற மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வை. கல்லூரி காத்திருக்கும், எம்கேட் காத்திருக்காது.

எம்கேட்டில் நான்கு பிரிவுகள். அதில் வேதியியல்-இயற்பியல் பிரிவிலும் உயிரியல் பிரிவிலும் தலா 59 கேள்விகள். இரண்டிலுமே ஏறத்தாழ கால் பங்கு பயோகெமிஸ்ட்ரி. ஆக, கிட்டத்தட்ட 30 கேள்விகள் உங்கள் மகள் இன்னும் தொடாத ஒரே பாடத்திலிருந்து வரும். அமினோ அமிலங்கள், என்சைம் வேகம், கிளைகாலிசிஸ் எல்லாம் இதில்தான். இயற்பியலுக்கு முதல் பிரிவில் மட்டும் கால் பங்கு, சுமார் 15 கேள்விகள். மின்சுற்று, ஒளியியல் போன்ற இரண்டாம் பகுதிச் சமாச்சாரம் அதிலும் ஒரு பங்குதான். ஒழுங்காக உட்கார்ந்தால் அதைச் சொந்தமாகவே படித்துவிடலாம். பயோகெமிஸ்ட்ரியையும் அப்படிச் சமாளித்தவர்கள் உண்டு, ஆனால் நான் யாருக்கும் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

அதனால் என் யோசனை: ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டரில் பயோகெமிஸ்ட்ரியை எடுக்கட்டும். இயற்பியல் இரண்டாம் பகுதியை நான்காம் ஆண்டு ஃபாலுக்குத் தள்ளட்டும். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே பாருங்கள். சில சிறிய பட்டக் கல்லூரிகளில் இயற்பியல் இரண்டாம் பகுதி ஸ்பிரிங்கில் மட்டும்தான் நடக்கும். அப்படியானால் அது நான்காம் ஆண்டு முடியும் மே வரை இழுக்கும். சில மெடிக்கல் ஸ்கூல்கள் இன்ன தேதிக்குள் முடித்திருக்க வேண்டும் என்று சேருவதற்குப் பல மாதம் முன்பே ஒரு கெடு வைத்திருக்கின்றன. அவை கைவிட்டுப் போகும். ஸ்டான்ஃபோர்ட் போன்ற சில இடங்களில் கட்டாயப் பாடப் பட்டியலே கிடையாது. கல்லூரிவாரியான விவரம் எம்எஸ்ஏஆர் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. சந்தா கட்ட வேண்டும், கட்டலாம். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்ப முறையே வேறு.

நாள்காட்டி எப்படி ஓடும் என்றால், மே முதல் பாதியில் செமஸ்டர் முடியும், மே கடைசியில் அல்லது ஜூனில் எம்கேட். மதிப்பெண் வர ஏறத்தாழ ஒரு மாதம். அதற்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் மதிப்பெண்கள் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) ஏறியதும் ஜூன் தொடக்கத்திலேயே அனுப்பிவிடலாம். ஆம்காஸ் ஒவ்வொரு பாடத்தையும் டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும். கூட்டம் அதிகமான காலத்தில் அதற்கே பல வாரம் ஆகும். பலர் முதலில் ஒரே ஒரு கல்லூரியைக் குறித்து அனுப்பிவிட்டு, எம்கேட் மதிப்பெண் வந்த பிறகு அதற்கேற்ற கல்லூரிகளைச் சேர்க்கிறார்கள். நல்ல வழிதான். பெரும்பாலான இடங்களில் விண்ணப்பங்களை வர வர எடுத்துப் பார்த்து நேர்காணலுக்கு அழைப்பதால், செப்டம்பரில் போடுகிறவருக்கு முன்னால் பெரிய வரிசையே நிற்கும். இதே காரணத்தால்தான், ஆகஸ்டில் முடியும் கோடை வகுப்பின் மதிப்பெண்ணுக்காக விண்ணப்பத்தைப் பிடித்து வைப்பது எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று, பெற்றோர் பலர் கவனிக்காதது. "ரெண்டையும் ஸ்பிரிங்லயே முடிச்சிடலாமே" என்று தோன்றும். பயோகெமிஸ்ட்ரி, லேபோடு இயற்பியல், கூடவே எம்கேட் தயாரிப்பு, இத்தனையும் ஒரே செமஸ்டரில் சுமந்தால் எங்காவது ஒரு சி கிரேடு விழும். ஆம்காஸில் அது அழியாது. அதே பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் இரண்டையும் சேர்த்துத்தான் ஜிபிஏ என்கிற சராசரியைக் கணக்கிடுவார்கள். அறிவியல் பாடங்களுக்கென்று தனி ஜிபிஏ வேறு போடுவார்கள். தள்ளிப் போட்ட பாடத்திலும் அசட்டையாக இருக்க முடியாது. இடம் கிடைத்த பிறகு அதில் சி மைனஸ் வந்தால், பல கல்லூரிகள் அதை முடித்ததாகவே எடுத்துக்கொள்ளாது. கிடைத்த இடமே போகலாம்.

பயோகெமிஸ்ட்ரிக்கு ஸ்பிரிங்கில் இடம் கிடைக்கவில்லை என்றால், அல்லது மருத்துவமனைத் தன்னார்வப் பணி, மருத்துவரோடு கூட இருந்து பார்ப்பது இதெல்லாம் இன்னும் தொடங்கவே இல்லை என்றால், ஒரு வருடம் கழித்துப் போடட்டும். "கேப் இயர்" என்றதும் நம்மவர்களுக்கு முகம் வாடிவிடும். சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்ற கவலை வேறு. இங்கே மெடிக்கல் ஸ்கூலில் சேருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டம் முடித்து ஒரு வருடமாவது கழித்துத்தான் வருகிறார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்து இதே கேள்வியோடு படிப்பவர்களுக்கு: உங்கள் கணக்கு வேறு. ஆம்காஸ் இந்தியப் பல்கலைக்கழக மதிப்பெண்களைச் சரிபார்ப்பதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் இந்தப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்கின்றன. கிரீன் கார்டு இல்லாதவர்களை எடுத்துக்கொள்ளும் இடங்களும் குறைவு. பாடத்துக்குப் பணம் கட்டும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் மகள் அட்வைசரிடம் இந்த வாரமே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அவள் கல்லூரியில் கமிட்டி கடிதம் (கல்லூரியின் குழு சேர்ந்து எழுதும் பரிந்துரைக் கடிதம்) கொடுக்கிறார்களா? கொடுக்கிறார்கள் என்றால் அதற்கான படிவம் ஜனவரி, பிப்ரவரியிலேயே மூடிவிடக்கூடும். எந்தெந்தப் பாடம் முடித்தவர்களுக்கு அதைத் தருவார்கள் என்பதிலும் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு விதி இருக்கும்.