இருட்டறை: கேள்வி-பதில்

கேள்வி: கறுப்பு-வெள்ளை ஃபிலிம் கழுவும் டி-76 டெவலப்பரை வீட்டிலேயே கலக்க ஏ.ஆர். (பகுப்பாய்வுக்கான உயர்தூய்மை) தர ரசாயனங்கள்தான் வேண்டுமா? நாட்டு மருந்துக் கடை வெண்காரம் (போராக்ஸ்) ஆகுமா?

பதில்: எல்.ஆர். (சாதாரண ஆய்வக) தரமே தாராளம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம்.

கவனம் முழுக்க சல்பைட்டில் இருக்கட்டும். லேபிளை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். சல்பேட் பயன்படாது, சல்பைடு ஃபிலிமையே மூட்டமாக்கிவிடும். 'ஹெப்டாஹைட்ரேட்' என்றிருந்தால் பாதி எடை நீர், எனவே 200 கிராம் போடுங்கள். திறந்து கிடந்த பழைய பொட்டலம் வேண்டாம்: காற்றுப்பட்டுச் சல்பேட்டாகியிருக்கும், கலவையும் சீக்கிரமே பழுப்பேறும்.

நாட்டு மருந்துக் கடையில் வெண்காரத்தைப் பொரிக்காததாகக் கேட்டு வாங்குங்கள். பொரித்தது நீர் வற்றி உப்பி, நொறுங்கும். எடைக் கணக்கு தவறும். கேரம் பவுடரை வெண்காரமென்று நினைக்காதீர்கள், அது பெரும்பாலும் போரிக் அமிலம்.

மெட்டால் வெள்ளையாக இருப்பதே நல்லது. கரும்பழுப்பானதை ஒதுக்குங்கள்.

காய்ச்சி வடித்த நீர் 750 மில்லியை 50 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு சிட்டிகை சல்பைட், உடனே மெட்டால். அது முழுதும் கரைந்த பிறகே மீதிச் சல்பைட். அடர்ந்த சல்பைட்டில் மெட்டால் கரையாது. அப்புறம் ஹைட்ரோகுவினோன், கடைசியில் வெண்காரம், நீரூற்றி 1 லிட்டராக்குங்கள். கையுறை கட்டாயம், மெட்டால் தோலில் ஒவ்வாமை தரும்.