ஆர்த்தோவா, கார்டியோவா? இதய மறுவாழ்வுப் படிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) முடித்து இன்டர்ன்ஷிப்பும் ஆயிற்று. இதய வார்டு வேலை பிடித்துப்போனதால் முதுநிலையான எம்.பி.டி.யில் கார்டியோ (இதயப் பிரிவு) எடுக்க ஆசை. வீட்டிலோ, 'ஆர்த்தோ (எலும்பு, மூட்டுப் பிரிவு) எடு, கிளினிக் போட்டுப் பிழைச்சுக்கலாம்' என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, திருநெல்வேலி

வீட்டில் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர் தானே தேடி வருவார். ஸ்டென்ட் வைத்து நெஞ்சுவலி நின்றவரோ 'அதான் சரியாயிடுச்சே' என்று வீட்டோடு இருந்துவிடுவார், அவரை வாரத்துக்கு மூன்று நாள் உடற்பயிற்சிக்கு வரவழைப்பதே தனி வேலை. அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு இந்த மறுவாழ்வுப் பயிற்சிக்கு 36 அமர்வுகள் வரை பணம் தருகிறது, நம்மூரில் பெரும்பாலும் நோயாளியின் கைக்காசுதான். அதனால் பெரிய மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருக்கப்போகிறோம் என்ற கணக்கோடு கார்டியோ எடுங்கள்.

சரி, எடுப்பதென்று முடிவாகிவிட்டால் கல்லூரி விளம்பரக் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு அங்கே படிக்கும் சீனியர் ஒருவரைப் பிடியுங்கள். எம்.பி.டி. இரண்டு வருடம், கார்டியோ ரெஸ்பிரேட்டரி (இதயம், நுரையீரல்) என்ற பெயரில் அதில் பெரும்பகுதி ஐ.சி.யூ.வில் சளி எடுப்பதிலேயே ஓடிவிடும் இடங்களும் உண்டு. அதுவும் கற்க வேண்டியதுதான், ஆனால் மறுவாழ்வு என்பது அது மட்டுமில்லை. பைபாஸ் ஆனவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போன பிறகு திரும்பி வருகிறாரா, அவரை டிரெட்மில்லில் ஏற்றி ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே நடக்கவைக்கும் அறை இருக்கிறதா, அதில் மாணவர்களை நிற்க விடுகிறார்களா என்று கேளுங்கள். மூன்றுக்கும் 'ஆமாம்' வராவிட்டால் எவ்வளவு பெயர்பெற்ற கல்லூரியானாலும் நான் சேர மாட்டேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், உதாரணத்துக்கு, இதயத்துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் மாத்திரை சாப்பிடுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நடந்தாலும் அவருக்கு நாடித்துடிப்பு பெரிதாக ஏறாது, மாத்திரை பிடித்து வைத்திருக்கும். அதனால் அவரையே கேட்டு 6 (களைப்பே இல்லை) முதல் 20 (இதற்கு மேல் முடியாது) வரையிலான போர்க் அளவுகோலில் களைப்புக்கு மார்க் போடச் சொல்வோம். அவர் 11 என்பார், பக்கத்தில் பெண்டாட்டி நிற்கிறாரே என்ற ரோஷத்தில்! சட்டை நனைந்திருக்கும், ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல மூச்சு இருக்காது. அப்போது வேகத்தைக் குறைக்கும் தைரியமும் கண்ணும் பல பேரைப் பார்த்தால்தான் வரும். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கும் நடைச் சோதனையும் அப்படித்தான். 30 மீட்டர் வராந்தாவில் நோயாளி தன் போக்கில் நடக்க வேண்டும், நாம் கூடவே நடந்தால் நம் வேகம் அவருக்கு ஒட்டிக்கொண்டு கணக்கு கெட்டுவிடும்.

வெளிநாடு போக வசதி இருந்தால், அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்தில் இதயநோய்த் தடுப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. டாக்டர், நர்ஸ், பிசியோ, உணவியல் நிபுணர் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். செலவு அதிகம், முதலில் இங்கே கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

நான் ஸ்டாஃப் நர்ஸ். இந்தத் துறையில் எங்களுக்கு இடம் உண்டா?
- வாசகி, மதுரை

தாராளமாக. எம்.எஸ்சி. நர்சிங்கில் மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் இதயம், நெஞ்சுப் பகுதிக்கான துணைப்பிரிவு இருக்கிறது, அதைப் பாருங்கள். தடுப்பு வேலையில் நர்ஸ்தான் முன்னால் நிற்பவர் என்பது என் கட்சி. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வந்தபோது, முதல் மாரடைப்பு ஆபத்தில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணிகளே விளக்குகின்றன என்றது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவது, நடக்காமல் இருப்பது இதெல்லாம் அதில் அடக்கம். இவற்றை டாக்டர் ரவுண்ட்ஸில் பேச நேரம் ஏது?

உங்கள் வார்டிலேயே இன்றைக்கே தொடங்கலாம். 'பீடி பிடிப்பீங்களா' என்று கேட்டால் 'எப்பவாவது சிஸ்டர்' என்று மழுப்புவார்கள். 'காலையில எழுந்ததும் முதல் பீடி எத்தனை நிமிஷத்துல?' என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் என்று பதில் வந்தால் வெறும் அறிவுரை வேலைக்காகாது, நிக்கோட்டின் சூயிங்கம் மாதிரி ஏதாவது வேண்டியிருக்கும், கேஸ் ஷீட்டில் எழுதி டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.