இரண்டாவது நாற்காலி: வாசகர் கேள்வி பதில்

(அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் வாலிபால் அணிகளில் 11 வருடம் உதவிப் பயிற்சியாளராக வேலை பார்த்தவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பை முடிக்கப்போகிறாள். நான்கு வருடம் கல்லூரி அணியில் லிபரோவாக (பின்வரிசையில் மட்டும் நின்று பந்தை எடுப்பவள்) ஆடினாள். இப்போது உதவிப் பயிற்சியாளர் ஆகப்போகிறேன் என்கிறாள். அது ஒரு வேலையா மேடம்? நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்? – ஓர் அம்மா

வேலைதான் அம்மா. என் அப்பாவும் இதையே கேட்டார், அதனால் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது.

ஆகஸ்ட் கடைசியில் சீசன் ஆரம்பித்து டிசம்பரில் முடியும். வெள்ளிக்கிழமை ஆட்டம் என்றால் செவ்வாய் இரவுக்குள் எதிரணியின் கடைசி மூன்று ஆட்டங்களையாவது பார்த்து முடித்திருப்பேன். சும்மா பார்ப்பதில்லை. பாஸ் சரியாக வராதபோது அவர்களுடைய செட்டர், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், பந்தை யாருக்குத் தருகிறாள்? பந்து வலைக்கு மிக அருகில் வந்தால் அந்த இடது பக்க அட்டாக்கர் அடிக்கிறாளா, தட்டிவிடுகிறாளா? யார் சர்வீஸ் எந்த மூலைக்குப் போகிறது? இதையெல்லாம் வெட்டி ஒட்டி 12 நிமிட வீடியோ ஆக்குவேன். அதற்கு மேல் போனால் பிள்ளைகளுக்குக் கண் சொருகிவிடும்.

மறுநாள் பயிற்சியில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, எதிரணிப் பெண் அடிப்பதைப் போலவே அடித்துக் காட்டுவேன். ஒரு பயிற்சியில் 200 பந்துக்கு மேல் போகும். எனக்கு வலது தோள் இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது. எதிரணி சர்வீஸை எடுக்கும் ஒவ்வொரு ரிசீவுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். செட்டர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்ற நிலையில் பந்து வந்தால் 3. நேராகப் புள்ளி போய்விட்டால் 0. அப்புறம் பஸ், ஹோட்டல், ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, ஜெர்சி சலவை. இவையும் நம் தலையில்தான்.

சீசன் முடிந்தால் ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதுதான் ஆள் தேடும் வேலை சூடுபிடிக்கும். பெரிய கண்காட்சி அரங்குகளில் ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பத்தாகக் களங்கள் போட்டு கிளப் போட்டிகள் நடக்கும். வார இறுதிகள் அங்கேயே கழியும். முதல் டிவிஷன் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) கல்லூரிகள், பள்ளியில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன்னால் ஒரு பெண்ணிடம் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. அந்தத் தேதி பிறந்த நிமிடத்திலிருந்து போன் அடித்துக்கொண்டே இருப்போம்.

சம்பளத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். பெரிய கல்லூரி என்றால் முழுநேரச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உண்டு. சிறிய கல்லூரி என்றால் பகுதிநேரம், கூடவே விடுதிக் கண்காணிப்பு மாதிரி இன்னொரு பொறுப்பு. பெரும்பாலும் ஒவ்வொரு வருடமாகத்தான் ஒப்பந்தம். நான் முதல் இரண்டு வருடம் 'தன்னார்வப் பயிற்சியாளர்' என்ற பெயரில் கல்லூரிச் சம்பளமே இல்லாமல் உழைத்தேன். கோடை முகாம் நடத்தி வந்த பணத்தில்தான் வாடகை கட்டினேன். முதல் டிவிஷனில் அந்தப் பதவியை 2023 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் செய்தார்கள். உங்கள் மகள் மேல்படிப்பும் படிக்க நினைத்தால், படிப்புக் கட்டணத்தைக் கல்லூரியே ஏற்கும் 'கிராஜுவேட் அசிஸ்டென்ட்' இடங்களைத் தேடச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அவள் மாணவர் விசாவில் இருந்தால், படிப்புக்குப் பின் ஓபிடி-யில் (மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) செய்யும் வேலை அவள் படித்த பாடத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். விளையாட்டு அறிவியல் படித்தவளுக்கு எளிது. கணக்கியல் படித்தவளுக்குச் சிக்கல். கையெழுத்துப் போடுவதற்கு முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

லிபரோவாக ஆடியவள் என்றீர்களே, அது எனக்குச் சந்தோஷம். நான்கு வருடம் பின்வரிசையில் நின்று ஆட்டம் முழுவதையும் பார்த்த கண் அது.

கேள்வி: தலைமைப் பயிற்சியாளர் தவறு செய்கிறார் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? – ஒரு வாசகர்

என் மூன்றாவது வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் செட்டர் பின்வரிசை வலது மூலையில், அதாவது சர்வீஸ் போடும் இடத்தில், இருக்கும் ரொட்டேஷனில் (சர்வீஸ் நம் கைக்குத் திரும்பும்போதெல்லாம் ஆறு பேரும் ஓரிடம் நகர்வார்கள்; அப்படி வரும் ஆறு நிலைகளில் ஒன்று) மட்டும் வரிசையாக நான்கு, ஐந்து புள்ளி விட்டுக்கொண்டிருந்தோம். தலைமைப் பயிற்சியாளருக்கு இடது பக்கம் அடிக்கும் பெண் மேல் கோபம். அவளை மாற்றப்போகிறேன் என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எட்டு ஆட்டங்களின் வீடியோவைத் திரும்ப ஓட்டி, அந்த ஒரு ரொட்டேஷனை மட்டும் எண்ணினேன். எதிரணி சர்வீஸ் போடும்போது அந்த ரொட்டேஷனில் முன்வரிசை நேர்மாறாக நிற்கும். இடது பக்கம் அடிப்பவள் வலது பக்கத்தில் மாட்டிக்கொள்வாள். வலது பக்கம் அடிப்பவள் இடது பக்கத்தில் இருப்பாள். முதல் பந்தை அங்கிருந்தேதான் அடித்தாக வேண்டும். மற்ற ஐந்து ரொட்டேஷன்களில் அந்தப் பெண்ணின் கணக்கு நன்றாகவே இருந்தது. அவள் மேல் குற்றமில்லை. எங்கள் ஆரம்ப வரிசை, அந்தப் பலவீனமான ரொட்டேஷனைக் கொண்டுபோய் எதிரணியின் பலமான சர்வீஸுக்கு எதிரே நிறுத்திக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை, அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு தாளைக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் மேஜை டிராயரில் வைத்தார். வியாழக்கிழமை பயிற்சியில், "வரிசையை இரண்டு இடம் தள்ளி ஆரம்பிக்கிறோம்" என்று அணியிடம் அறிவித்தார். என் பெயரை எடுக்கவில்லை. எடுக்க வேண்டியதும் இல்லை. அந்தப் பெண் ஆறு பேரில் தன் இடத்தில் நின்றாள், எனக்கு அது போதும்.

அறைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், நானும் வாதாடியிருக்கிறேன். பிள்ளைகள் முன்னால் முகம்கூடச் சுளிக்கக் கூடாது, அவர்கள் நம் முகத்தைப் படித்துவிடுவார்கள். ஆட்டத்தின் நடுவே ஒரே வாக்கியம்தான்: "அவர்களுடைய நடு பிளாக்கர் தாமதமாக வருகிறாள்." அதை வைத்து என்ன செய்வது என்பது அவர் முடிவு.

கேள்வி: அக்கா, நான் பெரிய ஆட்டக்காரி இல்லை. பயிற்சியாளராக ஜெயிக்க முடியுமா? – கல்லூரி மாணவி

முடியும் தங்கை. நானும் நட்சத்திரம் இல்லை. எதிர்ப்பக்கத்தைப் பார்: கார்ச் கிராய் 1984-லிலும் 1988-லிலும் ஒலிம்பிக் தங்கம், 1996-ல் கடற்கரை வாலிபாலில் இன்னொரு தங்கம் வாங்கியவர். அவரே அமெரிக்கப் பெண்கள் அணிக்கு வந்தபோது ஹியூ மெக்கட்சியனுக்கு உதவியாளராகத்தான் உட்கார்ந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் பிறகே தலைமைப் பொறுப்பு. டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த அணி தங்கம் வென்றது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் இதைத் தனியாகக் கற்க வேண்டியிருந்தது என்றால், நீயும் நானும் கற்றுக்கொள்ளத் தடை ஏது?

கேள்வி: ஆட வாய்ப்பே கிடைக்காத பெண்களிடம் என்ன சொல்வீர்கள்? என் மகளும் பெஞ்சில்தான் இருக்கிறாள். – ஒரு அப்பா

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய யோசித்தேன் சார்.

களத்தில் ஒரு நேரத்தில் ஆறு பேர்தான், மாறி மாறி உள்ளே வரும் லிபரோவைச் சேர்த்தால் ஆடுபவர்கள் ஏழு. முதல் டிவிஷன் அணியில் 18 பேர் வரை இருப்பார்கள். எல்லாரும் தங்கள் பள்ளியில் முதல் ஆட்டக்காரிகளாக இருந்தவர்கள். இங்கே வந்து முதல் தடவையாக ஓரத்தில் நிற்கிறார்கள். அவர்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் போக மாட்டார்கள். பந்துக் கூடையைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் பக்கத்தில் வந்து நடப்பார்கள்.

அப்படி நடந்து வந்தவள் எங்கள் இரண்டாவது செட்டர். மூன்றாம் வருட மாணவி. கண் கலங்கி நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. "பொறு, சீக்கிரம் உன் முறை வரும்" என்று சொல்லிவிட்டேன். யாரையும் கேட்காமல், ஆறுதலுக்காகச் சொன்னது. அவள் முறை வரவில்லை. சீசன் முடிந்ததும் வந்து நின்று, "நீங்கள் சொன்னதை நம்பி அம்மாவை டிக்கெட் எடுத்து வரச் சொன்னேன்" என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அன்று இரவு நான் தூங்கவில்லை. அடுத்த நாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். "பின்பக்கமாகத் தூக்கிக் கொடுக்கும் பந்தின் உயரம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் அவர் தயங்குகிறார். பயிற்சிக்கு 20 நிமிடம் முன்னால் வா, நான் இருக்கிறேன்." வாய்ப்பு வருமா என்று கேட்டால் தெரியாது என்பேன். அவளையே நேரில் தலைமைப் பயிற்சியாளரிடம் கேட்கச் சொல்வேன், வேண்டுமென்றால் நானும் கூட வருவேன்.

உங்கள் மகளிடமும், எதைச் சரிசெய்தால் ஆட விடுவார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள் சார். தெளிவான பதிலைக் கேட்டு வாங்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

கேள்வி: எத்தனை வருடம் உதவியாளராகவே இருப்பது? – ஒரு வாசகர்

கணக்கு கிடையாது. டானி புஸ்பூம் கெல்லி, நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி 2015-ல் தேசிய சாம்பியன் பட்டம் வென்றபோது அங்கே உதவியாளர். பிறகு லூயிவில் பல்கலைக்கழகத்தில் தலைமை, 2025-ல் நெப்ராஸ்காவுக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். கேட்டி ஷூமேக்கர்-காலி வேறு மாதிரி. இரண்டு கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, தான் ஆடிய பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 2018-ல் உதவியாளராக வந்தார். 2022-ல் அங்கே தலைமை ஏற்றார். 2024-ல் புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவே பட்டம் வென்றார். 1981-ல் தொடங்கிய முதல் டிவிஷன் பெண்கள் போட்டியில் பட்டம் வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான்.

நாற்காலி மாறுவதை ஏறுவது, இறங்குவது என்று பார்க்கும் பழக்கத்தை அவர் கதை எனக்குள் உடைத்தது. எனக்குத் தலைமைப் பதவி இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். கணக்கு வழக்கு, நன்கொடையாளர் கூட்டம் என்று போய்விட்டால் அந்தப் பந்துக் கூடைப் பக்கம் யார் நடப்பது?

கேள்வி: லிபரோ சர்வீஸ் போடலாமா? எங்கள் நண்பர்களுக்குள் சண்டை. – ஒரு மாணவர்

இரண்டு பக்கமும் சரி தம்பி. சர்வதேச விதியில் லிபரோ சர்வீஸ் போடக் கூடாது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் போடலாம், ஆனால் ஒரு செட்டில் ஒரே ஒரு ரொட்டேஷன் இடத்தில் மட்டும். எந்த இடத்தில் முதலில் போட்டாளோ, அந்த செட் முழுக்க அங்கேதான். நான் அந்த இடத்தை ஒவ்வொரு செட்டிலும் தாளில் வட்டமிட்டு வைத்துக்கொள்வேன்.