வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி: குழந்தை குழம்புமா?

வீட்டு மொழியை விட்டுவிட்டுப் பள்ளி மொழியிலேயே பேசச் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வராது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதும் இயல்புதான்.

பள்ளிகள் கோட்டை விடுவது வேறோர் இடத்தில். கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் அன்றாடப் பேச்சையும், பாடங்களைப் படித்து விளக்கத் தேவைப்படும் பாட மொழியையும் பிரித்துக் காட்டினார். புதிதாகக் கற்கும் பள்ளி மொழியில் முன்னது ஏறத்தாழ 2 ஆண்டில் வந்துவிடும். பின்னதில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டு ஆகலாம். அதனால்தான் விளையாட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை, 'ஆவியாதல் எவ்வாறு நிகழ்கிறது? விளக்குக' என்ற கேள்வியில் திணறுகிறது. அதைச் சோம்பல் என்றோ மந்தம் என்றோ சொல்வது பெரிய அநியாயம். ஈரத்துணி எப்படிக் காய்கிறது என்று முதலில் வீட்டு மொழியில் சொல்லச் சொல்லுங்கள். கருத்து பிடிபட்டுவிட்டால், பள்ளி மொழிச் சொற்களை மட்டும் சேர்த்தால் போதும். ஆசிரியருக்கு அந்த மொழி தெரியாதா? சரி, தெரிந்த இன்னொரு மாணவரைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளை சில மாதங்கள் பேசாமலேயே கவனிக்கக்கூடும், வற்புறுத்த வேண்டாம். ஆனால் வீட்டு மொழியிலும் பேச்சோ புரிதலோ பின்தங்கினால், தள்ளிப்போடாமல் பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் காட்டுங்கள். அப்புறம், அவரிடம் இரண்டு மொழிகளிலும் சோதிக்கச் சொல்லுங்கள்.