பெயின்ட் பளபளக்கிறது, என்ஜின் நின்றுவிடுகிறது: ரெஸ்டோர் செய்த காருக்கு நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: என் மாமனார் விட்டுச்சென்ற 1964 மாடல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரைச் சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரெஸ்டோர் செய்யக் கொடுத்தேன். பாடி, பெயின்ட், சீட், 'என்ஜின் ஃபுல் ஓவர்ஹால்' என்று மொத்தம் 8,40,000 ரூபாய் கொடுத்தாயிற்று. கார் வீட்டுக்கு வந்து ஏழு மாதமாகிறது. ஸ்டார்ட் ஆகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. நீலப் புகை வேறு. கொடைக்கானல் போனபோது பாதி மலையில் ஓவர்ஹீட் ஆனது. கேட்டால், "பழைய வண்டி அப்படித்தான் சார், இப்போ வர்ற எத்தனால் பெட்ரோல் அதுக்கு ஒத்துக்காது" என்கிறார்கள். சரிசெய்வதாகச் சொல்லி இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிக்கொண்டு போனவர்கள், இன்னும் 1,60,000 ரூபாய் கொடுத்தால்தான் திருப்பித் தருவார்களாம். போலீசில் புகார் கொடுக்கலாமா? முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: போலீஸ் இப்போதைக்கு வேண்டாம். "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். நீங்கள் போக வேண்டியது நுகர்வோர் ஆணையம். அதற்கு முன் ஒன்று: அந்த என்ஜினை வேறு எந்த மெக்கானிக்கும் பிரிக்க விடாதீர்கள். பிரித்துவிட்டால், "நாங்கள் கொடுத்தபோது நன்றாக இருந்தது, அடுத்தவர் கைவைத்துக் கெடுத்துவிட்டார்" என்பார்கள். அதற்கு மறுப்புச் சொல்ல உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

பிரிக்காமலே செய்யக்கூடிய சோதனை கம்ப்ரஷன் டெஸ்ட்: ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது. கார்புரேட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் போதும். ஒரு சிலிண்டரில் மட்டும் ரீடிங் குறைந்தால், அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ரீடிங் ஏறினால் கோளாறு பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கிலோ சிலிண்டரின் உட்சுவரிலோ (போர்). ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். புதிதாக ரிங் போட்டதாக பில் இருந்து, ரீடிங் இப்படி வந்தால், அந்த ஒரு தாளே உங்கள் வழக்கைப் பாதி நடத்திவிடும். சோதிப்பவரிடம் தேதியும் கையெழுத்தும் போட்டு எழுதி வாங்குங்கள். "வண்டி சரியாக ஓடவில்லை" என்பது புகார். நான்கு சிலிண்டரின் ரீடிங்தான் சாட்சியம்.

எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் நம் பங்க்குகளில் என்ன பெட்ரோல் கிடைக்கிறது என்று தெரிந்துதானே இந்த வேலையை எடுத்தார்கள்? அதற்குத் தாங்கும் ஹோஸ் போடுவதும், கார்புரேட்டரை அதற்கேற்ப ட்யூன் செய்வதும் அவர்கள் வேலை. தவிர, நீலப் புகை ஆயில் எரிவதால் வருவது. அந்தப் பழியைப் பெட்ரோல்மீது போட முடியாது.

கொடைக்கானல் பயணம்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஓவர்ஹால் முடிந்த என்ஜினை, மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டிய ரன்னிங்-இன் காலத்தில் மலையேற்றியதாக எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும். அதற்கு முன்பே புகை வருவதாக நீங்கள் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறீர்களா? தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். தாக்கல் செய்யும்போது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைத்துவிடலாம்.

கார்புரேட்டர் விஷயத்துக்கு வருவோம். செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 170ஆவது பிரிவு தருகிறது. ஆனால் ஒப்புக்கொண்டபடி வேலை செய்தவருக்குத்தான் அது. பேசிய தொகையை நீங்கள் முழுக்கக் கொடுத்துவிட்டீர்கள். புதிதாகக் கேட்கும் தொகைக்கு நீங்கள் சம்மதித்ததாக எழுத்தில் எதுவும் இல்லை என்றால், அவர்கள் பிடித்துவைப்பது சட்டப்படி செல்லாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே போதும். கட்டணம் 200 ரூபாய்தான். குறைபாடு தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறது. முதலில் பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்து வக்கீல் நோட்டீஸ். வழக்குக்கு எண் கொடுக்கப்பட்ட பிறகு, நிபுணரை வைத்து என்ஜினைப் பார்வையிட மனுப் போடலாம். பிரிப்பதாக இருந்தால் அப்போது, இரு தரப்பும் பார்க்கப் பிரிக்கட்டும்.

முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். பெயின்டிலும் சீட்டிலும் நீங்கள் எந்தக் குறையும் சொல்லவில்லை. என்ஜினுக்காக வாங்கிய தொகை, அல்லது வேறு நல்ல ஒர்க்‌ஷாப்பின் எஸ்டிமேட்படி சரிசெய்யும் செலவு, கார்புரேட்டர்கள், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. இவ்வளவு கேட்டால் ஆணையம் காது கொடுக்கும். அப்புறம், சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அதை எங்கும் எழுதிவைக்காமல் என்னிடம் முதலில் சொல்லுங்கள். வணிக நோக்கம் என்று வந்தால் 'நுகர்வோர்' என்ற தகுதிக்கே ஆபத்து.

கடைசியாக, இன்றே டார்ச் அடித்து பிளாக்கில் உள்ள என்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயருக்கும் நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கும் என்ஜின் ஒரே குடும்பம். மாற்றி வைத்தாலும் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. எண் பொருந்தாவிட்டால் விவகாரமே வேறு: ஆர்.டி.ஓ. அனுமதியில்லாத மாற்றம் உங்கள் தலையில் விடியும், ஒர்க்‌ஷாப்மீது நம்பிக்கை மோசடிப் புகாருக்கும் வழி பிறக்கும். அப்போது போலீசுக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம்.