மேக் இல்லாமலே இரண்டு ஸ்டோருக்கும் ஆப்: டெர்மினல் வழி

கேள்வி: வேளச்சேரியில் தண்ணீர் கேன் சப்ளை செய்யும் ஒருவருக்காக நானும் நண்பரும் ரியாக்ட் நேட்டிவ் - எக்ஸ்போவில் (ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் எழுதும் கருவிகள்) ஆர்டர் ஆப் எழுதியிருக்கிறோம். இருவரிடமும் 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப்தான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் சைன் செய்து ஏபிகே (ஆண்ட்ராய்டு போனில் நேராகப் போடும் ஆப் ஃபைல்) எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறோம். நான் எடுத்த ஏபிகேவைப் போட்டவர்களின் போனில் நண்பர் எடுத்தது ஏறுவதில்லை. ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டிலும் கொண்டுவர வேண்டும். மேக் வாங்காமல், கமாண்ட்லைன் கருவி ஒன்றை வைத்தே முடிக்க முடியுமா?

பதில்: முடியும். எக்ஸ்போவின் ஈஏஎஸ் கருவி இதற்கென்றே இருக்கிறது. உங்கள் ப்ராஜெக்ட்டைச் சுருட்டித் தன் சர்வருக்கு அனுப்பி, ஆண்ட்ராய்டு பில்ட்டை (கோடிலிருந்து உருவாகும் ஆப் ஃபைலை) லினக்ஸ் மெஷினிலும் ஐஓஎஸ் பில்ட்டை மேக் மெஷினிலும் எடுத்துத் தரும். ஃபைல்கள் ஏறி முடிந்தபின் உங்கள் வீட்டில் கரன்ட் போனாலும் பில்ட் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். டெர்மினலை மூடினாலும் நிற்காது. நிறுத்த வேண்டுமானால் ‘ஈஏஎஸ் பில்ட்:கேன்சல்’ கொடுக்க வேண்டும். இலவசக் கணக்கில் மாத வரம்பும் வரிசையில் காத்திருப்பும் உண்டு. அதனால் பட்டன் நிறம் மாற்றியதற்கெல்லாம் பில்ட் எடுத்து வரம்பைத் தீர்த்துவிடாதீர்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கட்டும்.

முதலில் உங்கள் ஏபிகே ஏன் ஏறவில்லை என்பதைப் பார்த்துவிடுவோம். பின்னால் வரும் பாதிச் சிக்கலுக்கு வேர் அதுதான். ஏற்கெனவே உள்ள ஆப்பின் மேல் புதியது ஏற வேண்டுமானால் பேக்கேஜ் பெயரும், கையெழுத்திட்ட சாவியும் ஒன்றாக இருக்க வேண்டும்; வெர்ஷன் கோடு (ஆப்பின் பதிப்பு எண்) பழையதைவிடக் குறையக் கூடாது. நீங்கள் ஒரு கீஸ்டோர் (கையெழுத்துச் சாவி இருக்கும் ஃபைல்), நண்பர் ஒரு கீஸ்டோர் என்று தனித்தனியாக உருவாக்கியிருப்பீர்கள். போனைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு ஆட்கள் அனுப்பிய ஆப்கள், அதனால் மறுக்கிறது. ஈஏஎஸ்ஸுக்கு மாறினால் சாவி ஒரே இடத்தில் இருக்கும், யார் லேப்டாப்பிலிருந்து பில்ட் கொடுத்தாலும் கையெழுத்து ஒன்றாகவே வரும். முதல் ஆண்ட்ராய்டு பில்ட்டின்போது ‘புதிய கீஸ்டோர் உருவாக்கவா?’ என்று கேட்கும். நீங்கள் இன்னும் ஸ்டோரில் ஏற்றாததால் ஆம் என்று சொல்லுங்கள். பழைய ஏபிகே வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு முறை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் போதும். அன்றே ‘ஈஏஎஸ் கிரெடென்ஷியல்ஸ்’ கொடுத்து கீஸ்டோரையும் அதன் பாஸ்வேர்டுகளையும் இறக்கி, லேப்டாப் அல்லாத வேறோர் இடத்திலும் வைத்துவிடுங்கள்.

தொடங்கும் முறை சுருக்கமானது. ‘என்பிஎம் இன்ஸ்டால் -ஜி ஈஏஎஸ்-சிஎல்ஐ’, பிறகு ‘ஈஏஎஸ் லாகின்’, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ‘ஈஏஎஸ் பில்ட்:கான்ஃபிகர்’. இது ஈஏஎஸ்.ஜேசன் என்ற ஃபைலை உருவாக்கும். அதில் டெவலப்மென்ட், ப்ரிவ்யூ, ப்ரொடக்‌ஷன் என மூன்று ப்ரொஃபைல்கள், அதாவது பில்ட் அமைப்புகள். ப்ரிவ்யூவில் வருவது நேராக போனில் போடும் ஏபிகே. ப்ரொடக்‌ஷனில் வருவது ஸ்டோருக்கான ஏஏபி. புதிய ஆப்களுக்கு 2021 ஆகஸ்டிலிருந்து ப்ளே ஸ்டோர் ஏஏபி மட்டுமே கேட்கிறது; அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் போனில் திறக்காது. ப்ரொடக்‌ஷன் ப்ரொஃபைலில் ‘ஆட்டோஇன்க்ரிமென்ட்’ என்பதை ட்ரூ ஆக வையுங்கள். ‘இந்த வெர்ஷன் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்ற மறுப்பு அதோடு தீர்ந்தது.

பில்ட் கொடுப்பதற்கு முன் ‘என்பிஎக்ஸ் எக்ஸ்போ-டாக்டர்’ ஓட்டுங்கள். பொருந்தாத லைப்ரரி வெர்ஷன்களை அது காட்டும். ‘என்பிஎக்ஸ் எக்ஸ்போ இன்ஸ்டால் --செக்’ சரிசெய்யும். பிறகு ‘ஈஏஎஸ் பில்ட் --பிளாட்ஃபார்ம் ஆண்ட்ராய்டு --ப்ரொஃபைல் ப்ரிவ்யூ’. அவ்வளவுதான் கட்டளை.

லேப்டாப்பில் ஓடுவது சர்வரில் ஏன் விழுகிறது?

விண்டோஸில் எழுதுபவர்கள் முதலில் இடறுவது ஃபைல் பெயரில்தான். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. லினக்ஸுக்கு வேறு வேறு. ஃபைல் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கி, இம்போர்ட் வரியில் பெரிய எழுத்து இருந்தால் உங்களிடம் ஓடும், சர்வரில் ‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று நிற்கும். எக்ஸ்ப்ளோரரில் பெயரை மாற்றினால் விண்டோஸில் உள்ள கிட் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) அதைக் கவனிக்காமலே விட்டுவிடும். ‘கிட் எம்வி’ கட்டளையால் மாற்றுங்கள்.

அடுத்தது கிட்இக்னோர், அதாவது கிட் விட்டுவிட வேண்டிய ஃபைல்களின் பட்டியல். அதில் எழுதிய எதுவும் சர்வருக்குப் போகாது. ஆகவே அதில் எழுதியிருந்தால் என்வ் ஃபைலும் (சர்வர் முகவரி, சாவி போன்ற அமைப்புகள் இருப்பது) கூகுள்-சர்வீசஸ்.ஜேசனும் (கூகுளின் ஃபயர்பேஸ் சேவைக்கான அமைப்பு ஃபைல்) அங்கே இருக்காது. பில்ட் பாதியில் விழும், அல்லது பில்ட் முடிந்து ஆப் திறந்ததும் வெள்ளைத் திரை காட்டும். இவற்றை ‘ஈஏஎஸ் என்வ்:க்ரியேட்’ மூலம் சர்வரில் சேர்த்துவையுங்கள். கூகுள் ஃபைலை ஃபைல் வகை மாறியாக (வேரியபிள்) கொடுத்து, ஆப்.கான்ஃபிக்.ஜேஎஸ்ஸில் அந்த மாறியைச் சுட்டலாம். ஓர் எச்சரிக்கை: எக்ஸ்போ_பப்ளிக் என்று தொடங்கும் மாறிகள் எல்லாம் ஆப்புக்குள்ளேயே பொதிந்துவிடும். பேமென்ட் கேட்வேயின் ரகசியச் சாவியை அங்கே வைப்பது தெருவில் வைப்பதற்குச் சமம். அது உங்கள் பேக்எண்டில் (ஆப் பேசும் உங்கள் சர்வரில்) மட்டுமே இருக்க வேண்டும்.

ப்ராஜெக்ட்டைச் சுருட்டும்போது அளவு நூற்றுக்கணக்கான எம்பி என்று காட்டினால், பழைய ஏபிகேக்களோ டெமோ வீடியோவோ உள்ளே கிடக்கின்றன. அவற்றைத் தவிர்க்க ஈஏஎஸ்இக்னோர் ஃபைல் எழுதலாம். ஆனால் அது இருந்தால் கிட்இக்னோரை ஈஏஎஸ் பார்ப்பதில்லை. முதலில் கிட்இக்னோரில் உள்ள வரிகள் அனைத்தையும் அதில் நகலெடுத்துவிட்டுப் புதியவற்றைச் சேருங்கள்.

நீங்கள் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ பயன்படுத்துவதால் இன்னொன்றும் நடக்கும். ப்ராஜெக்ட்டில் ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டர் இருந்து அது கிட்டிலும் ஏறியிருந்தால், ஈஏஎஸ் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதன்பின் ஆப்.ஜேசனில் ஐகானையோ பேக்கேஜ் பெயரையோ அனுமதிகளையோ எத்தனை முறை மாற்றினாலும் பில்ட்டில் தெரியாது. அந்த ஃபோல்டருக்குள் கையால் எதுவும் திருத்தவில்லை என்றால் கிட்டிலிருந்து அதை நீக்கி, கிட்இக்னோரில் சேர்ப்பதே நல்லது. திருத்தியிருந்தால் அந்தத் திருத்தங்களை முதலில் கான்ஃபிக் ப்ளகினாக (அந்த ஃபோல்டர் உருவாகும்போதே திருத்தத்தைச் செய்யும் சிறு கோடாக) மாற்றுங்கள்.

ப்ரிவ்யூவில் ‘நெட்வொர்க் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ வந்தால் சர்வர் முகவரியைப் பாருங்கள். சோதனை முறையில் எச்டிடிபி ஓடும். ரிலீஸ் பில்ட்டில் ஆண்ட்ராய்டு அதைத் தடுத்துவிடும். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் போடுவதே சரியான தீர்வு, தடையைத் தளர்த்துவது அல்ல.

ஸ்டோர் கணக்கு யார் பெயரில்?

கேன் வியாபாரியின் பெயரில். கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். உங்கள் பெயரில் தொடங்கிவிட்டுப் பின்னால் மாற்றிக்கொடுப்பது இரு தரப்புக்கும் அலைச்சல். அவர் உரிமையாளராக இருக்கட்டும். உங்களை டெவலப்பராக அழைத்துக்கொள்ளட்டும்.

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் ப்ளே கணக்கு என்றால், குறைந்தது 12 டெஸ்டர்கள் 14 நாள் தொடர்ச்சியாக க்ளோஸ்டு டெஸ்ட்டில் (அழைத்தவர்கள் மட்டும் சோதிப்பது) இருந்தால்தான் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். சரியாக 12 பேரை மட்டும் சேர்க்காதீர்கள். ஒருவர் விலகினாலும் எண்ணிக்கை குறைந்துவிடும். வாடிக்கைக் குடும்பங்களிலிருந்து இருபது பேரைக் கேளுங்கள், அவர்கள் உண்மையாகவே கேன் ஆர்டர் செய்து பார்க்கட்டும். நிறுவனக் கணக்குக்கு இந்த நிபந்தனை இல்லை. பதிலாக டி-யு-என்-எஸ் எண் (நிறுவனத்தை அடையாளம் காட்டும் எண்) கேட்பார்கள்.

ப்ளேயில் முதல் ஏஏபியை மட்டும் ப்ரவுசரில், ப்ளே கன்சோலுக்குள் போய்க் கையால் ஏற்ற வேண்டும். அதற்கு முன் டெர்மினலிலிருந்து அனுப்ப கூகுளின் ஏபிஐ (வெளிக் கருவிகள் தொடர்பு கொள்ளும் வழி) இடம் தராது. இரண்டாவது முறையிலிருந்து ‘ஈஏஎஸ் சப்மிட் --பிளாட்ஃபார்ம் ஆண்ட்ராய்டு’ போதும். இதற்கு ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்குப் பதில் கருவி பயன்படுத்தும் கூகுள் கணக்கு) தேவை: கூகுள் கிளவுட் கன்சோலில் ப்ளே ஆண்ட்ராய்டு டெவலப்பர் ஏபிஐயை இயக்கி, சர்வீஸ் அக்கவுன்ட் உருவாக்கி, ஜேசன் சாவியை இறக்குங்கள், பிறகு ப்ளே கன்சோலின் பயனர்கள் பகுதியில் அந்த அக்கவுன்ட்டின் மெயில் முகவரியை அழைத்து, ரிலீஸ் செய்யும் அனுமதி கொடுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் ‘அனுமதி இல்லை’ என்றே வரும். ஆப் இன்னும் வெளியாகாத நிலையில் ‘ட்ராஃப்ட் ஆப்புக்கு ட்ராஃப்ட் ரிலீஸ் மட்டுமே’ என்று மறுத்தால், ஈஏஎஸ்.ஜேசனின் சப்மிட் பகுதியில் ‘ரிலீஸ்ஸ்டேட்டஸ்’ என்பதற்கு ‘ட்ராஃப்ட்’ கொடுங்கள். வெளியான பிறகு அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஏபிகேவில் ஒழுங்காக ஓடிய கூகுள் லாகின், ப்ளேயிலிருந்து இறக்கியதும் வேலை செய்யாது. மேப் வெறும் சாம்பல் கட்டமாக நிற்கும். பலரும் கோடில் தேடித் தேடி நாட்களை வீணாக்குவது இந்த இடத்தில்தான். காரணம் மறுபடியும் கையெழுத்துதான். நீங்கள் கையெழுத்திட்டு ஏற்றுகிற சாவி வேறு. ப்ளே ஆப் சைனிங்கில் கூகுள் தன் சாவியால் மறுபடி கையெழுத்திட்டுத்தான் வாடிக்கையாளருக்குத் தருகிறது. எனவே அந்த ஆப்பின் எஸ்எச்ஏ-1 கைரேகையும் (சாவியை அடையாளம் காட்டும் குறி) வேறு. ப்ளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தில் இரண்டு கைரேகைகளும் இருக்கும். இரண்டையும் ஃபயர்பேஸிலும், மேப் சாவியின் கட்டுப்பாட்டிலும் சேருங்கள். கூகுள் லாகினுக்குக் கிளவுட் கன்சோலில் ஒவ்வொரு கைரேகைக்கும் தனி ஆண்ட்ராய்டு கிளையன்ட் ஐடி வேண்டும். இந்தக் கையெழுத்து வேறுபாட்டால்தான் உங்கள் ப்ரிவ்யூ ஏபிகே உள்ள போனில் ப்ளே வெர்ஷன் ஏறாது. ப்ரிவ்யூவுக்குப் பேக்கேஜ் பெயரின் கடைசியில் ஒரு சொல் சேர்த்துத் தனி ஆப்பாக்கிவிட்டால் இரண்டும் ஒரே போனில் அருகருகே இருக்கும்.

ஐபோனுக்கு ‘ஈஏஎஸ் பில்ட் --பிளாட்ஃபார்ம் ஐஓஎஸ் --ப்ரொஃபைல் ப்ரொடக்‌ஷன்’. ஆப்பிள் ஐடியில் நுழைந்தால் சான்றிதழ், ப்ரொவிஷனிங் ப்ரொஃபைல் இரண்டையும் கருவியே உருவாக்கும். இரட்டைச் சரிபார்ப்பு எண் கேட்கும். கணக்கு வியாபாரியுடையது என்பதால் அந்த நேரம் அவர் போன் அருகில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவரைத் தொந்தரவு செய்யாமலிருக்க ஆப் ஸ்டோர் கனெக்ட்டில் ஏபிஐ சாவி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவி இருக்கும் பி8 ஃபைலை ஒரே முறைதான் இறக்க முடியும். ‘ஈஏஎஸ் சப்மிட்’ ஆனதும் டெஸ்ட்ஃப்ளைட்டில் (ஆப்பிளின் சோதனை ஆப்) உங்கள் ஆப் வரும். போன்களைப் பதிவு செய்து நேரடியாகத் தரும் முறையும் உண்டு, ஆண்டுக்கு 100 ஐபோன் வரை. உங்களுக்கு டெஸ்ட்ஃப்ளைட் போதும்.

டெலிவரி ஆப் என்பதால் இருப்பிடம் கேட்பீர்கள். எதற்காக என்ற விளக்க வாக்கியம் ஆப்.ஜேசனின் ஐஓஎஸ் பகுதியில் இல்லையென்றால் ஆப்பிள் திருப்பி அனுப்பும். ‘இருப்பிடம் தேவை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘கேன் கொண்டுவரும் முகவரியைக் குறிக்க’ என்று தெளிவாக எழுதுங்கள். லாகின் ஓடிபி மட்டும்தான் என்றால், இந்திய எண்ணுக்கு வரும் அந்த எஸ்எம்எஸ், ஆப்பிள் பரிசோதகரின் கைக்குப் போகாது. நிலையான ஓடிபியுடன் ஒரு டெமோ எண்ணை பேக்எண்டில் வைத்து, ரிவ்யூ குறிப்பில் எழுதுங்கள். கணக்கு தொடங்கும் வசதி இருந்தால், கணக்கை நீக்கும் வசதியும் ஆப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். கேன் என்பது கையில் கொடுக்கும் பொருள் என்பதால் யுபிஐயில் பணம் வாங்கத் தடையில்லை.

வெளியான பிறகு விலையோ எழுத்தோ திருத்த ஸ்டோர் வரை போக வேண்டாம். ‘ஈஏஎஸ் அப்டேட் --சேனல் ப்ரொடக்‌ஷன் --என்விரான்மென்ட் ப்ரொடக்‌ஷன்’ போதும். இதற்கு எக்ஸ்போ-அப்டேட்ஸ் லைப்ரரி முதல் பில்ட்டிலேயே இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டும் படங்களும் மட்டுமே இவ்வழியில் போகும். வழக்கமாக, ஆப் திறக்கும்போது பின்னணியில் இறங்கி அடுத்த முறை திறக்கும்போதுதான் தெரியும். ‘மாறவில்லையே’ என்று உடனே பதற வேண்டாம். என்விரான்மென்ட் பகுதியை விட்டுவிட்டால் உங்கள் லேப்டாப்பின் என்வ் ஃபைலே எடுத்துக்கொள்ளப்படலாம். அதில் வீட்டு வைஃபை முகவரி இருந்தால் வேளச்சேரி முழுக்க ஆர்டர் நின்றுவிடும். புதிய நேட்டிவ் லைப்ரரி (போனின் சொந்த மொழியில் எழுதிய, புதிய பில்ட் தேவைப்படும் பகுதி) சேர்த்த பிறகு ரன்டைம் வெர்ஷனை (எந்தப் பில்ட்டுக்கு எந்த அப்டேட் பொருந்தும் என்று காட்டும் எண்) மாற்றாமல் அப்டேட் அனுப்பினால் பழைய ஆப் திறந்ததும் மூடிக்கொள்ளும். ஆப்.ஜேசனில் ரன்டைம் வெர்ஷனுக்கு ‘ஃபிங்கர்பிரின்ட்’ கொள்கையை வைத்தால் கருவியே இதைக் கணக்கிட்டு, பொருந்தாத ஆப்புக்கு அப்டேட் போகாமல் தடுக்கும். அதையும் மீறித் தவறான அப்டேட் போய்விட்டால் ‘ஈஏஎஸ் அப்டேட்:ரோல்பேக்’ கொடுத்து முந்தைய நிலைக்குத் திரும்புங்கள்; திருத்துவது, தேடுவது எல்லாம் அதற்குப் பிறகு.